கருவில் வளரும் உட்செவி: நரம்புச் செல்லுக்கு உருவம் தரும் புரதங்கள்

கருவுற்றுப் பத்து வாரங்கள் கடந்த மனிதக் கருவின் உட்செவியை, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனுள்ள சீவல்களாக வெட்டி, நரம்புச் செல்லின் இழைப் புரதங்களை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்ததாகக் கொள்வோம். வெளிறிய திசுப் பரப்பின் நடுவே பழுப்பு நிற நூல்கள் கற்றையாக ஓடுவது தெரியும். நடுவில் செல்கள் நெருக்கமாகத் திரண்டிருக்கும் ஒரு முடிச்சு இருக்கும். அதிலிருந்து கற்றையின் ஒரு முனை மூளைத்தண்டை நோக்கியும், மறுமுனை சுருண்டு வளரும் நத்தைக் குழலின் சுவரை நோக்கியும் செல்லும். குழலின் சுவரை நெருங்கியதும் கற்றை தனித்தனி நூல்களாகப் பிரிந்து, ஒலியை உணரும் ஆற்றலை இன்னும் பெறாத இளஞ்செல்களின் அடிப்பகுதிக்குள் நுழையும். கேட்பதற்கு எதுவும் இல்லாத கட்டத்திலேயே கேட்பதற்கான கம்பி இழுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கம்பி எதனால் ஆனது, எந்த வரிசையில் கட்டப்படுகிறது, அந்த வரிசையை அறிவதால் நமக்கு என்ன பயன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். உட்செவியில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்லியா ஒலியை உணர்கிறது. அரைவட்டக் குழல்கள் மூன்றும் அவற்றோடு இணைந்த இரண்டு சிறு பைகளும் தலையின் அசைவையும் சாய்வையும் உணர்கின்றன. இரண்டு இடங்களிலும் அதிர்வையோ அசைவையோ முதலில் வாங்கிக்கொள்பவை மயிர்ச்செல்கள். அவை பெற்ற செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்வதற்காக, காக்லியாவின் நடு அச்சைச் சுற்றிச் சுருள் நரம்பு முடிச்சும், சமநிலை உறுப்புக்கென்று வேறொரு முடிச்சும் அமைந்துள்ளன. மனிதரின் சுருள் நரம்பு முடிச்சில் ஏறத்தாழ 30,000 முதல் 35,000 நரம்புச் செல்கள் உள்ளன. கண்ணின் நரம்பில் இருக்கும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நார்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. பேச்சு, இசை, எச்சரிக்கைக் குரல் ஆகிய அனைத்தும் ஒரு காதிலிருந்து இந்தச் சில பத்தாயிரம் செல்களின் வழியாகவே மூளையை அடைகின்றன. இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இந்த நரம்புச் செல்கள் மூளையிலிருந்து காதுக்கு வந்து சேர்ந்தவை என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. கருவுற்ற நான்காம் வாரத்தின் தொடக்கத்தில், வருங்காலத் தலையின் இருபுறமும் மேற்தோல் சற்றே தடிக்கிறது. அந்தத் தடிப்பு உட்குழிந்து, பின்னர் தோலிலிருந்து பிரிந்து, செவிக்குமிழ் என்ற சிறு பையாகிறது. குமிழின் சுவரிலிருந்து சில செல்கள் விடுபட்டு வெளியே வந்து திரள்கின்றன. அவையே நரம்பு முடிச்சின் தொடக்கம். ஆகவே காதின் நரம்புச் செல்லும் அது தேடிச் செல்லும் மயிர்ச்செல்லும் ஒரே குமிழில் பிறந்தவை. முடிச்சைச் சூழ்ந்து காக்கும் ஷ்வான் செல்கள் மட்டும் நரம்பு முகடு என்னும் வேறோர் இடத்திலிருந்து வந்து சேர்கின்றன.

சுவரை விட்டு வெளியேறும்போது அச்செல் ஏறக்குறைய உருண்டையானது. நரம்புச் செல்லுக்குரிய நீளமோ கிளைகளோ அதற்கு அப்போது இல்லை. சில வாரங்களில் அதே செல் இரு திசைகளிலும் கை நீட்டி, தன் உடலைப் போலப் பல நூறு மடங்கு நீளமுள்ள நூலாக மாறிவிடுகிறது. ஒரு சோப்புக் குமிழை இப்படி இழுத்தால் உடைந்துவிடும். செல்லின் மேற்படலமும் சோப்புப் படலத்தைப் போல மெல்லியதே. அது தானாக எந்த உருவத்தையும் தாங்காது. உள்ளிருந்து தாங்குவது செல்சட்டகம் எனப்படும் புரத அமைப்பு.

செல்சட்டகத்தில் மூவகை இழைகள் உண்டு. மிக மெல்லியது ஆக்டின் இழை. அதன் விட்டம் ஏறத்தாழ 7 நானோமீட்டர். மிகத் தடித்தது நுண்குழல். அதன் விட்டம் 25 நானோமீட்டர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, சுமார் 10 நானோமீட்டர் விட்டமுள்ளவை இடைநிலை இழைகள். பெயரே தடிமனைக் குறித்து வந்ததுதான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே நானோமீட்டர் என்பதை நினைவிற்கொண்டால் இந்த அளவுகளின் நுண்மை விளங்கும்.

ஆக்டினைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நீண்டுகொண்டிருக்கும் நரம்பு நாரின் நுனியில், விரல் விரித்த உள்ளங்கைபோல் வளர்கூம்பு என்றோர் உறுப்பு உண்டு. ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால் 1890இல் கோழிக் கருவில் இதைக் கண்டு விவரித்தார். அந்த விரல்களை நீட்டுவதும் மடக்குவதும் ஆக்டினின் வேலை. விரல்கள் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்க்கின்றன. மயிர்ச்செல்களும் அவற்றின் துணைச்செல்களும் சுரக்கும் ஊக்கப் புரதங்கள் எங்கிருந்து வருகின்றனவோ அத்திசையை நாடுகின்றன. வளர்ச்சி முடிந்த நாரிலும் ஆக்டின் இருக்கிறது. படலத்தின் உட்புறத்தில் ஏறத்தாழ 190 நானோமீட்டருக்கு ஒன்று வீதம், பீப்பாயைச் சுற்றிய இரும்பு வளையங்களைப் போல் அது அமைந்திருப்பது 2013இல் தெரியவந்தது.

நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. ஆல்பா டியூபுலினும் பீட்டா டியூபுலினும் இணையாகச் சேர்ந்து, இணைமீது இணையாக அடுக்கப்பட்டு நீண்ட சரமாகின்றன; பொதுவாகப் பதின்மூன்று சரங்கள் வட்டமாக நின்றால் ஒரு குழல். இக்குழல் நாருக்கு விறைப்பைத் தருகிறது. அதோடு, செல்லுக்குள் சரக்கு ஏற்றிச் செல்லும் தண்டவாளமாகவும் பயன்படுகிறது. பீட்டா டியூபுலினில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் மூன்றாம் வகை, இயல்பான திசுக்களில் பெரும்பாலும் நரம்புச் செல்களில் மட்டுமே காணப்படுகிறது. செல் பிரிவதை நிறுத்திவிட்டு நரம்புச் செல்லாக மாற முடிவெடுத்தவுடனேயே அது தோன்றத் தொடங்குகிறது. இதனால் கருவின் உட்செவியை ஆராய்வோர் முதலில் தேடுவது இந்த மூன்றாம் வகைப் பீட்டா டியூபுலினைத்தான். அதற்குரிய எதிர்ப்பொருள் எங்கே ஒளிர்கிறதோ அங்கே இளம் நரம்புச் செல் இருக்கிறது என்று கொள்ளலாம். மிக மெல்லிய நுனிக் கிளைகூட அதில் துலங்கும். ஆனால் அந்தச் செல் எந்த அளவுக்கு முதிர்ந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்பவை இடைநிலை இழைகள்.

இங்கே சற்று நிதானிப்பது நல்லது. ஆக்டினும் டியூபுலினும் உடலின் எல்லாச் செல்களிலும் ஏதோ ஒரு வடிவில் உள்ளன. இடைநிலை இழைகளோ செல்லுக்குச் செல் மாறுபவை. தோலின் செல்லில் அது கெரட்டின். தசைச் செல்லில் டெஸ்மின். இணைப்புத் திசுவில் விமென்டின். ஒரு செல்லின் இடைநிலை இழை எது என்று தெரிந்தால் அந்தச் செல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். நரம்புச் செல்லின் சிறப்பு, அது தன் வாழ்நாளிலேயே இந்த இழைகளை மாற்றிக்கொள்கிறது என்பதுதான். இன்னும் பிரிந்து பெருகும் முன்னோடிச் செல்லில் விமென்டினும் நெஸ்டினும் இருக்கும். நரம்புச் செல்லாக மாறியதும் அவை படிப்படியாகக் குறைந்து மறையும். ஆல்பா இன்டர்நெக்சின், பெரிஃபெரின் என்னும் புரதங்கள் தலைகாட்டும். பிறகு நியூரோஃபிலமென்ட் எனப்படும் மூவர் குழு வரும். அந்த மூவரிலும் சிறியதும் நடுத்தரமானதும் முதலில் வரும்; பெரியது கடைசியில்தான் வரும்.

கட்டடம் எழும்போது முதலில் மூங்கில் சாரமும், பின்னர் மரச் சட்டமும், இறுதியில் இரும்புத் தூணும் நிறுத்தப்படுவதாகக் கற்பனை செய்துகொண்டால் இதன் பொருள் ஓரளவு விளங்கும். இளமையில் செல்லுக்கு வேண்டியது நெகிழ்வு. இடம்பெயர வேண்டும், வளைய வேண்டும், தவறான திசையில் போனால் பின்வாங்க வேண்டும். முதிர்ந்த பிறகு வேண்டியது நிலைப்பு. நியூரோஃபிலமென்ட், குறிப்பாக அதன் பெரிய உறுப்பினர், நிலைப்புக்கு உரியது. அது ஒரு நாரில் நிறைந்துவிட்டதென்றால், அந்த நார் தன் இடத்தைக் கண்டடைந்து ஊன்றிவிட்டது என்று பொதுவாகக் கருதலாம். சட்டகப் புரதங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய கருத்து இதுவே என்று நான் கருதுகிறேன்: இவை செல்லைத் தாங்குகின்றன, தாங்கும் பொருள் மாறிக்கொண்டே வருவதால், செல்லின் வயதையும் காட்டிவிடுகின்றன.

நியூரோஃபிலமென்ட் குழுவைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். மூன்று உறுப்பினர்களும் 68, 160, 200 கிலோடால்டன் (புரதத்தின் எடையைக் குறிக்கும் அலகு) எடையுள்ளவை என்று பல நூல்களில் காணலாம். இந்த எண்கள், ஜெல் ஊடகத்தில் புரதம் நகரும் வேகத்தைக் கொண்டு கணிக்கப்பட்டவை. மின்னூட்டம் மிகுந்த புரதங்கள் மெதுவாக நகர்வதால் எண்கள் கூடிவிட்டன. உண்மையான எடைகள் இவற்றைவிடக் குறைவு. ஆயினும் 200 என்ற எண் ஆய்வகப் பேச்சில் பெயராகவே நிலைத்துவிட்டதால் அதை அறிந்திருப்பது பயன்படும். மூன்றுக்கும் நடுப்பகுதி ஒரே மாதிரியானது: நீண்ட, திருகிய கோல். இரண்டு கோல்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு சோடிகள் எதிரெதிர்த் திசையில் பக்கவாட்டில் ஒட்டி நான்காகின்றன. எட்டு நான்குகள் சேர, முப்பத்திரண்டு புரதங்கள் கொண்ட குறுக்குவெட்டுடன் கயிறு உருவாகிறது. கயிறு திரிக்கும் முறையும் இதுதான். தனி நூல் அறுந்துவிடும், திரித்த கயிறு அறாது. வளைத்தாலும் இழுத்தாலும் தாங்கும் குணத்தை நியூரோஃபிலமென்ட் இந்தத் திரிப்பிலிருந்தே பெறுகிறது.

வேறுபாடு வால்பகுதியில் உள்ளது. சிறிய உறுப்பினரின் வால் குட்டையானது. அது கயிற்றின் உடலாக அமைகிறது. நடுத்தரமும் பெரியதும் நீண்ட வாலுள்ளவை. அந்த வால்கள் கயிற்றிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய உறுப்பினரின் வாலில் பாஸ்பேட் வந்து ஒட்டக்கூடிய இடங்கள் நாற்பதுக்கும் மேல் உள்ளன. ஒவ்வொரு பாஸ்பேட்டும் எதிர்மின்னூட்டம் கொண்டது. வால் முழுவதும் பாஸ்பேட் ஏறியதும், மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் வால் விறைத்து வெளியே நீள்கிறது. அடுத்துள்ள கயிறும் அவ்வாறே நீட்டியிருப்பதால் இரண்டுக்கும் இடையே இடைவெளி நிலைக்கிறது. கயிறுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆனால் ஒழுங்காக, நாரின் உட்புறத்தை நிரப்புகின்றன. நார் பருக்கிறது. இந்தப் பருமனில் நடுத்தர உறுப்பினரின் வாலுக்கே பெரும் பங்கு உண்டு என்பது, மரபணு மாற்றிய எலிகளில் செய்த சோதனைகளிலிருந்து பின்னர் தெரியவந்தது. பெரியதுதான் எல்லாம் செய்கிறது என்ற பழைய எண்ணம் இதனால் திருத்தப்பட்டது.

நார் பருப்பதால் என்ன பயன்? பருத்த நாரில் மின்துடிப்பு விரைந்து செல்கிறது. இதற்கு இயற்கையே ஒரு சான்றை வழங்கியிருக்கிறது. ஜப்பானியக் காடைகளில் ஒரு பிறழ்ந்த வகை உண்டு. சிறிய நியூரோஃபிலமென்டுக்கான மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு பிழையால் அதன் நரம்பு நார்களில் நியூரோஃபிலமென்ட் கயிறே உருவாவதில்லை. அந்தக் காடை உயிர் வாழ்கிறது. நார்களும் உரிய இடங்களைச் சென்று சேர்கின்றன. ஆனால் நார்கள் மெலிந்திருக்கின்றன, துடிப்பு மெதுவாகச் செல்கிறது, பறவை நடுங்குகிறது. வழி தேடிச் செல்வதற்கு நியூரோஃபிலமென்ட் இன்றியமையாதது அன்று, வேகத்துக்கு இன்றியமையாதது என்பதை இந்தச் சிறு பறவை தெளிவாகக் காட்டிவிடுகிறது. காதைப் பொறுத்தவரை வேகம் என்பது ஆடம்பரமன்று. ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அறிய, இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வேறுபாட்டை மூளை அளக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் ஒரு வினாடியில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவிலான வேறுபாட்டைக்கூட உணர்கின்றனர். செய்தி செல்லும் நார்கள் சீரான பருமனும் சீரான வேகமும் கொண்டிராவிட்டால் இது கைகூடாது.

இந்தப் புரதங்கள் அனைத்தும் செல்லின் உடலில்தான் உருவாகின்றன. அங்கிருந்து நாரின் கடைசி வரை எடுத்துச் செல்லப்பட வேண்டும். நியூரோஃபிலமென்ட் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே முன்னேறுகிறது. வளர்ந்த மனிதரின் செவி நரம்பு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமுள்ளது என்று கொண்டால், இன்று உருவான ஒரு துண்டு மறுமுனையை அடைய இருபத்தைந்து நாட்களுக்கும் மேலாகும். இவ்வளவு மந்தமாக எது இழுக்கிறது என்ற கேள்வி நெடுங்காலம் ஆய்வாளரைக் குழப்பியது. 2000ஆம் ஆண்டு வாக்கில், ஒளிரும் புரதங்களைக் கொண்டு உயிருள்ள செல்லிலேயே இதைப் பார்க்க முடிந்தபோதுதான் விடை கிடைத்தது. இழைகள் மெதுவாக ஊர்ந்து செல்வதில்லை. நுண்குழல் தண்டவாளத்தில் அவை விரைந்து ஓடுகின்றன. சில வினாடிகள் ஓடிவிட்டு, நெடுநேரம் நின்றுவிடுகின்றன. நிற்கும் நேரமே மிகுதி என்பதால் சராசரி குறைந்துவிடுகிறது. ஒரு முக்கியமான விளைவு இதிலிருந்து பிறக்கிறது. எங்கே இழைகள் கூடுதலாக நிற்கின்றனவோ அங்கே நார் பருக்கும். நாரைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புச் செறிந்த உறையைப் போர்த்தும் செல் தன் கீழுள்ள நாருக்குத் தரும் சைகை, அங்கே பாஸ்பேட் ஏற்றத்தை மிகுவித்து, இழைகளைத் தங்கவைக்கிறது. உறை போடுபவரும் கம்பியும் பேசிக்கொண்டே வளர்கின்றனர் என்று சொல்லலாம்.

இனி இந்த அறிவோடு மனிதக் கருவின் காதுக்குத் திரும்புவோம். இங்கே வாரக் கணக்கில் ஓர் எச்சரிக்கை தேவை. மகப்பேறு மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுவார்கள். கருவியல் ஆய்வாளர்களில் பலர் கருவுற்ற நாளிலிருந்து கணக்கிடுவார்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு வாரம் வித்தியாசம் வரும். இரண்டு கட்டுரைகள் ஒரே நிகழ்வுக்கு வெவ்வேறு வாரம் சொன்னால், பல நேரங்களில் காரணம் இதுவாகவே இருக்கும்.

சமநிலை உறுப்பு முந்துகிறது. கேட்கும் உறுப்பு பிந்துகிறது. சமநிலை உறுப்பின் மயிர்ச்செல்களும் அவற்றைத் தொடும் நார்களும், காக்லியாவில் அதே வேலை தொடங்கும் முன்பே கண்டுகொள்ளும் நிலைக்கு வந்துவிடுகின்றன. காக்லியா தன் இரண்டரைச் சுற்றைப் பத்தாம் வாரத்தையொட்டி முடிக்கிறது. அதே காலத்தில் மூன்றாம் வகைப் பீட்டா டியூபுலின் கொண்ட நார்கள் குழலின் சுவருக்குள் புகுந்திருப்பதைக் காணலாம். அப்போது அவை தொட வேண்டிய மயிர்ச்செல்கள் முழு வடிவம் பெற்றிருப்பதில்லை. பதினொன்று, பன்னிரண்டாம் வாரங்களில் முதலில் அகவரிசை மயிர்ச்செல்களும், அடுத்துப் புறவரிசையும் தெளிவாகின்றன. நார்களுக்கும் செல்களுக்கும் இடையே இணைப்புகள் உருவாகின்றன. இவை அனைத்தும் சுருளின் அடியில் தொடங்கி நுனியை நோக்கி நகர்கின்றன. ஆகவே ஒரே காக்லியாவின் ஒரே சீவலில் அடிச்சுற்று முதிர்ந்தும் நுனிச்சுற்று இளமையாகவும் இருக்கும். ஆய்வாளருக்கு இது ஒரு கொடை. பல வயதுக் கருக்களைத் தேடாமல், ஒரே சுருளில் கீழிருந்து மேலாகப் பார்வையை நகர்த்தினாலே காலத்தில் பின்னோக்கிச் செல்ல முடிகிறது.

சுருள் நரம்பு முடிச்சில் இருவகைச் செல்கள் உள்ளன. முதல் வகை 90 முதல் 95 விழுக்காடு. பருத்த, மயலின் உறையுள்ள நார்கள் கொண்டது. ஒவ்வொன்றும் ஒரே ஓர் அகவரிசை மயிர்ச்செல்லைத்தான் தொடும். இரண்டாம் வகை எஞ்சிய சிறுபான்மை. மெல்லிய, உறையற்ற நார்கள் கொண்டது. ஒன்றே பல புறவரிசை மயிர்ச்செல்களைத் தொட்டுச் செல்லும். தொடக்கத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. பெரிஃபெரின் புரதம்தான் இங்கே உதவுகிறது. இளமையில் அது முடிச்சின் பெரும்பாலான செல்களில் காணப்படுகிறது. வளர வளர முதல் வகைச் செல்கள் அதைக் கைவிட்டுவிடுகின்றன. இரண்டாம் வகை மட்டும் தக்கவைத்துக்கொள்கிறது. எலி போன்ற உயிரினங்களில் தெளிவாக வகுக்கப்பட்ட இந்தப் பிரிவு, மனிதக் கருவிலும் நடுமாதங்களில் புலப்படத் தொடங்குகிறது. ஒரு புரதம் தோன்றுவது மட்டுமன்று, மறைவதும் செய்திதான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

மற்றொரு விந்தையையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாடநூல் இலக்கணப்படி, செல்லின் உடலை நோக்கிச் செய்தி கொண்டுவரும் கிளை டென்ட்ரைட். உடலிலிருந்து வெளியே கொண்டுசெல்லும் கிளை ஆக்சான். அந்தக் கணக்கில், மயிர்ச்செல்லிலிருந்து முடிச்சுக்கு வரும் கிளை டென்ட்ரைட்டாக இருக்க வேண்டும். ஆனால் முதல் வகைச் செல்லில் அந்தக் கிளையிலும் பாஸ்பேட் ஏறிய நியூரோஃபிலமென்ட் நிறைந்திருக்கிறது, மயலின் உறையும் இருக்கிறது. சட்டகத்தை வைத்துப் பார்த்தால் அது ஆக்சானே. பெயரைத் திசை தீர்மானிப்பதா, கட்டுமானம் தீர்மானிப்பதா என்ற வினாவுக்கு ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டுள்ளனர்: இரண்டு பெயரையும் விட்டுவிட்டு, 'புறக்கிளை' என்றும் 'மையக்கிளை' என்றும் எழுதுகின்றனர். தொடக்கநிலை வாசகரும் அவ்வாறே எழுதுவது பாதுகாப்பானது.

இந்தச் செய்திகளை எலியிலிருந்தே பெற்றுவிடலாமே என்று கேட்கலாம். எலிக்குஞ்சு பிறக்கும்போது அதற்குக் காது கேட்காது. பிறந்து ஏறத்தாழ பன்னிரண்டு நாட்களுக்குப் பின்பே கேட்கத் தொடங்குகிறது. மனிதக் குழந்தையோ கருவறையிலேயே கேட்கிறது. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், தாயின் வயிற்றின் மீது ஒலியதிர்வு செலுத்தப்பட்டபோது சிசு கண்ணிமையை இறுக்கிக்கொள்வது மீயொலிப் படத்தில் பதிவாயிற்று. 24, 25 வாரங்களில் அது ஆங்காங்கே தென்பட்டது, 28 வாரங்களுக்குப் பின் சீராகக் காணப்பட்டது. செவி நரம்பிலும் மூளைத்தண்டின் கேட்டல் பாதைகளிலும் மயலின் உறை படியத் தொடங்கும் காலமும் இதையொட்டியதே. மேலும், முதல் வகைச் செல்லின் உடல் எலியிலும் பூனையிலும் மயலினால் மூடப்பட்டிருக்க, மனிதரில் அது பெரும்பாலும் மூடப்படாமலேயே இருக்கிறது. ஆதலால் மனிதரைப் பற்றி அறிய மனிதத் திசுவைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கலைந்த அல்லது கலைக்கப்பட்ட கருக்களிலிருந்து, தாயின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் மட்டுமே அத்திசு பெறப்படுகிறது. எண்ணிக்கை எப்போதும் குறைவு. ஒவ்வொரு மாதிரியும் ஒரு குடும்பத்தின் இழப்பிலிருந்து வருவது என்பதை இத்துறையினர் மறப்பதில்லை.

மாதிரி கிடைத்தபின் காலம் எதிரியாகிறது. இரத்த ஓட்டம் நின்றவுடன் உட்செவியின் செல்கள் சிதையத் தொடங்குவதால் விரைவில் ஃபார்மலின் போன்ற நிலைநிறுத்தியில் இட வேண்டும். உட்செவியைச் சூழ்ந்துள்ள கூடு தொடக்கத்தில் குருத்தெலும்பாக இருப்பதால் இளங்கருவை நேரடியாகச் சீவலாம். ஏறத்தாழ பதினாறாம் வாரத்திலிருந்து அது எலும்பாக மாறுகிறது. அதுவும் உடலிலேயே மிகக் கெட்டியான எலும்பாக. பிறகு கால்சியத்தை நீக்கும் கரைசலில் பல நாட்கள், சில நேரங்களில் வாரக்கணக்கில் ஊறவைத்த பின்பே கத்தி இறங்கும். அந்த ஊறலில் சில புரதங்களின் வடிவம் கெட்டு, எதிர்ப்பொருள் அவற்றைப் பற்ற மறுப்பதுண்டு. எனவே ஒரு சீவலில் நிறம் தெரியவில்லை என்றால், புரதம் இல்லை என்று உடனே எழுதிவிடக் கூடாது. அதே சீவலில் கட்டாயம் நிறமேற வேண்டிய வேறொரு நரம்பைப் பார்த்து, அது நிறமேறியிருந்தால் மட்டுமே 'இல்லை' என்ற சொல்லுக்கு மதிப்பு உண்டு. எதிர்ப்பொருளின் தன்மையையும் கேட்டறிய வேண்டும். பாஸ்பேட் ஏறிய வாலை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் நாரைக் காட்டும், செல்லின் உடலைக் காட்டாமல் விடும். பாஸ்பேட் ஏறாத வாலைப் பற்றுவது பெரும்பாலும் நேர்மாறாகச் செய்யும். 'நியூரோஃபிலமென்ட் காணப்பட்டது' என்று மட்டும் எழுதிய வாக்கியம் பாதிச் செய்திதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டகம் நிறைந்திருப்பதால் அந்தச் செல் கேட்கிறது என்று பொருளாகாது. மயிர்ச்செல் அதிர்வை மின்குறியாக மாற்ற வேண்டும். இணைப்பில் வேதிச்செய்தி கைமாற வேண்டும். மூளைத்தண்டில் அடுத்த செல் அதை வாங்க வேண்டும். இவற்றில் எதையும் நியூரோஃபிலமென்ட் சாயம் காட்டாது. கம்பி இழுக்கப்பட்டிருப்பதை அது காட்டும். மின்சாரம் பாய்வதைக் காட்டாது.

பிறப்புக்குப் பின்னர் இந்த அறிவு எங்கே தேவைப்படுகிறது என்பதையும் பார்ப்போம். சிறிய நியூரோஃபிலமென்டின் மரபணுவில் பிறழ்வு உள்ள சிலருக்கு, கை கால் நரம்புகளைத் தாக்கும் ஷார்கோ-மேரி-டூத் நோயின் ஒரு வகை வருகிறது. அவர்களுள் சிலருக்குச் செவித்திறன் குறைவும் சேர்ந்து காணப்படுகிறது. புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்து டியூபுலினைப் பற்றி நுண்குழல் அமைவதைத் தடுக்கிறது. பெருகும் புற்றுச் செல்லை அது நிறுத்துவதும், நீண்ட நரம்புகளுக்கு ஊறு செய்வதும் ஒரே செயலின் இரு விளைவுகள். பிறவியிலேயே மயிர்ச்செல்கள் செயல்படாத குழந்தைக்குப் பொருத்தப்படும் காக்லியர் கருவி, மயிர்ச்செல்களைத் தாண்டி, சுருள் நரம்பு முடிச்சின் செல்களை நேரடியாக மின்சாரத்தால் தூண்டுகிறது. மயிர்ச்செல் இழந்த மனிதக் காதுகளில் புறக்கிளை பின்வாங்கிய பிறகும் செல்லின் உடலும் மையக்கிளையும் பல ஆண்டுகள் எஞ்சியிருப்பது இறந்தோரின் காது எலும்புகளில் செய்த ஆய்வுகளில் தெரிகிறது. அந்தக் கருவி பலன் தருவதற்கு அடிப்படை இதுவே.

அதே கருவியை இளவயதிலேயே பொருத்த வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கான காரணங்களில் ஒன்றும் நியூரோஃபிலமென்ட் சாயத்திலிருந்தே வந்தது. செவி நரம்பில் இந்தப் புரதம் கருக்காலத்திலேயே நிறைந்துவிடுகிறது. ஆனால் மூளைப் புறணியின் கேட்டல் பகுதியில், ஆழ்ந்த அடுக்குகளின் நார்களில் அது பிறந்த பின் ஐந்து வயது வரை படிப்படியாகத் தோன்றுகிறது. மேலடுக்குகளில் நிறைவு பெறப் பதினோரு, பன்னிரண்டு வயதாகிறது. கருவின் பத்தாம் வாரத்தில் காக்லியாவின் சுவருக்குள் நுழைந்த அந்தப் பழுப்பு நூலின் மறுமுனை, பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் மூளைக்குள் இன்னமும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.